வாசாஸ்தான் பூங்காவில் ஒரு பெஞ்சு

ஸ்டாக்ஹோம், புதன் மாலை

அன்புள்ள ரகு,

வாசா கப்பலைப் பார்த்தாயா என்று கேட்டிருந்தாய். பார்த்தேன். 1628இல் முதல் ஓட்டத்திலேயே மூழ்கிய கப்பல். அதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. நான் ஒரு பெஞ்சைப் பற்றி எழுதுகிறேன்.

வாசாஸ்தான் பகுதியில் பாடகி மோனிகா செட்டர்லுண்ட் பெயரில் ஒரு சின்னப் பூங்கா. அங்கே நீளமான மரப்பெஞ்சு ஒன்று அவர் பாட்டைப் பாடுகிறது. குளிரில் விறைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மோனிகா வெர்ம்லாண்ட் மாநிலத்து ஹாக்ஃபோர்ஸ் என்ற இரும்பாலை ஊர்க்காரர். ஜாஸ் என்றால் ஆங்கிலம் என்றிருந்த காலத்தில் அதைத் தன் மொழியில் பாடியவர். ஸ்வீடிஷில் ‘அண்டென்’ என்பதை ஒரு ஏற்ற இறக்கத்தில் சொன்னால் வாத்து, இன்னொன்றில் ஆவி. பேச்சிலேயே ராகம் கிடக்கிறது. அதனால்தானோ என்னவோ, அவர் கமகம், பிருகா என்று எதையும் ஏற்றுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல். வரியின் முடிவில் கொஞ்சம் காற்று, அவ்வளவுதான். அர்த்தம் புரியாத எனக்கே ஏதோ புரிந்தது போலிருந்தது.

1963 யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் அவருக்குக் கிடைத்தது சுழியம் புள்ளி. அந்த நடுவர்களை நான் மன்னிக்கத் தயாரில்லை. மறு வருஷமே அமெரிக்கப் பியானோ மேதை பில் எவன்ஸ் ஸ்டாக்ஹோமில் அவரோடு ஓர் இசைத்தட்டு பதிவு செய்தார். எவன்ஸ் தன் அண்ணன் மகளுக்காக எழுதிய வால்ட்ஸுக்கு பெப்பே வோல்கர்ஸ் ஸ்வீடிஷ் வரிகள் எழுத, அது ‘மோனிகாவின் வால்ட்ஸ்’ ஆகிவிட்டது. அதே தட்டில் ஸ்வீடன் நாட்டுப்புறப் பாடல்களும் உண்டு. பியானோ முந்தவும் இல்லை, பாடகி துரத்தவும் இல்லை.

நீ விரும்பும் போஸா நோவாவுக்கு இங்கே லிசா எக்டால் இருக்கிறார். 2000இல் அவர் வெளியிட்ட, பாடலாசிரியர் சால்வடோர் போவின் பாடல்கள் கிசுகிசுப்பாக, இனிமையாகத்தான் இருக்கின்றன. எனக்கு மோனிகாதான். 2005இல் வீட்டில் பிடித்த தீயில் இறந்துபோனார், வயது 67.

அந்த வால்ட்ஸ் திஸ்ர நடை. உன் மிருதங்கக் கை சும்மா இருக்காது. முதல் தடவை மட்டும் தொடையில் தட்டாமல் கேள். கேட்டதும் எழுது, ஞாயிறு வரை இங்கேதான் இருப்பேன்.

அன்புடன்,
சேகர்