யோசனையும் தேடலும் இல்லாத காலை

அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகும் வீட்டில் காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரைதான் நெருக்கடி. அந்த நேரத்தில் சமையலைவிட “இன்றைக்கு என்ன செய்வது?” என்ற யோசனையும் “எங்கே வைத்தோம்?” என்ற தேடலும்தான் நம்மை அலைக்கழிக்கின்றன. இவை இரண்டையும் முந்தின நாளே முடித்துவிட வேண்டும் என்பதே இத்தனை வருடம் வீட்டையும் வேலையையும் சேர்த்துப் பார்த்ததில் நான் கற்றது.

யோசனையைக் குறைப்பதில் இட்லி மாவுக்கு ஈடு இல்லை. நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். உளுந்தைத் தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்ட வேண்டும். ஒரு துளி மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். அரிசியைச் சற்றே கொரகொரப்பாக எடுத்து, உப்புப் போட்டுக் கையால் கலக்க வேண்டும்.

ஞாயிறு மாலை ஆட்டியதும் மாவை இரண்டு பாத்திரங்களில் பிரித்துவிடுவேன். ஒன்று வெளியே இருந்து இரவில் பொங்கும். மற்றது பொங்குவதற்கு முன்பே ஃபிரிட்ஜுக்குப் போய்விடும். மொத்த மாவையும் ஒரே இரவில் பொங்கவிட்டால் வாரக் கடைசியில் புளிப்பு ஏறிவிடும். செவ்வாய் மாலை இரண்டாவது பாத்திரத்தை வெளியே எடுத்தால் புதன்கிழமைக்குப் புது மாவு தயார். திங்கள் இட்லி, செவ்வாய் தோசை, புதன் மறுபடி இட்லி, வியாழன் தோசை, வெள்ளி ஊத்தப்பமோ குழிப்பணியாரமோ. மார்கழிக் குளிரில் மாவு மெதுவாகத்தான் பொங்கும். அப்போது இன்னும் முன்னதாகவே எடுத்து வைக்க வேண்டும்.

சாம்பாருக்கான சின்ன வெங்காயத்தைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் சுலபமாக உரியும். டிவி பார்த்தபடி பிள்ளைகளே உரித்துத் தருவார்கள். தேங்காயைத் துருவி ஃபிரீசரில் வைத்துக்கொள்ளலாம். கறிவேப்பிலையைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, டப்பாவில் போட்டால் வாரம் முழுக்கப் பசுமையாக இருக்கும்.

இனி தேடல். சீருடையை இஸ்திரி போட்டு வரிசையாகத் தொங்கவிடும்போது அந்தந்த நாளின் சாக்ஸ், பெல்ட்டையும் அதே ஹேங்கரில் மாட்டிவிடுவேன். டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், தட்டு எல்லாம் சமையலறையின் கீழ்த்தட்டில், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில். பள்ளிப் பையை அவரவரே இரவு சாப்பிட்டதும் அடுக்கி வாசல் பக்கம் வைக்க வேண்டும். வண்டிச் சாவிக்கு ஒரே ஆணிதான்; அதில் மாட்டாமல் யாரும் உள்ளே வரக் கூடாது.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பால் கணக்கு, சிலிண்டர் பதிவு செய்த தேதி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில், பிள்ளையின் தேர்வு அட்டவணை எல்லாம் பெரும்பாலான வீடுகளில் அம்மாவின் தலைக்குள்தான் இருக்கின்றன. அவற்றை ஒரு காலண்டரில் எழுதி எல்லோரும் பார்க்கும் சுவரில் மாட்டுங்கள். பொருள் இருக்கும் இடமும் செய்ய வேண்டிய நாளும் எல்லோருக்கும் தெரிந்தால், அம்மாவைக் கேட்காமலே அப்பா சிலிண்டர் பதிவு செய்வார், பிள்ளை பாட்டிலில் தண்ணீர் பிடிப்பான்.

வீட்டு வேலை வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் உரியது. இந்த ஞாயிற்றுக்கிழமையே, குடும்பத்தோடு உட்கார்ந்து அந்தக் காலண்டரை எழுதத் தொடங்குங்கள்.