பாடையில் எழுந்த கோபால்

1987-ல் மெட்ராஸுக்குப் போய் கோபால் படித்தேன். "யாருடா அந்த கோபால்?" என்றாள் பாட்டி. ஆள் இல்லை, 1959-ல் உருவான கணினி மொழி. பாங்க், இன்ஷூரன்ஸ் கணக்கெல்லாம் அதில்தான்.

'செத்த மொழி' என்று சொல்லி 1995-ல் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். பழைய புரோகிராம்களில் வருஷத்துக்கு இரண்டே இலக்கம். 2000 நெருங்கியதும் பயந்துபோய்த் தேடி வந்து கூப்பிட்டார்கள். தங்கை கல்யாணம் அந்தச் சம்பளத்தில்தான் நடந்தது. 2020 கொரோனாவின்போது, அமெரிக்காவில் நியூ ஜெர்சி கவர்னரே கோபால் தெரிந்தவர்கள் உதவ வேண்டும் என்றார்.

நம்ம வலங்கைமான் மாரியம்மனுக்குப் பங்குனியில் பாடைக்காவடி. பிணம்போலப் படுத்து வருபவர் நோயிலிருந்து பிழைத்தவர், கோயிலில் எழுந்துவிடுவார். கோபாலும் அப்படித்தான். ஆனால் புதிதாகப் படிக்க ஆள் இல்லை. பாடை தூக்குகிற நாலு பேருக்கும் என் வயசு.