ஓடில்லாத முட்டையும் மூங்கிலின் ஈரமும்

இருவாழ்விகளின் நிலவாழ்வுத் தகவமைப்பு என்றதும் நுரையீரல், நான்கு கால்கள், இமைகள் என்று எழுதி மதிப்பெண் பெறுவது மாணவர் வழக்கம். அவை பிழையல்ல, ஆயினும் நிலத்தில் தவளைக்கு நேரும் பெரிய இடர் முட்டையில்தான் இருக்கிறது. பல்லியின் முட்டைக்கு ஓடுண்டு. தவளை முட்டைக்கு வெறும் கூழ்உறை மட்டுமே. காற்று வறண்டால் அது உலர்ந்துவிடும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த் தவளைகள் இவ்விடரைக் கடந்த விதம் வியப்புக்குரியது. ராவோர்செஸ்டிஸ் பேரினத்தைச் சேர்ந்த இவை நீந்தும் தலைப்பிரட்டையாக ஒருநாளும் வாழ்வதில்லை. அப்பருவம் முட்டைக்குள்ளேயே கழிகிறது. மஞ்சள் கருவை உண்டு வளர்ந்த குஞ்சு, முழுத் தவளையின் சிற்றுருவாக வெளிவருகிறது. குளமே தேவையில்லை. ஈரம் மட்டும் தேவை. அந்த 'மட்டும்' என்ற சொல்லில்தான் அவற்றின் வாழ்வும் சாவும் அடங்கியிருக்கின்றன.

அவற்றுள் ஒன்று ராவோர்செஸ்டிஸ் கலசோடெஸ். 1876இல் அறிவியலுக்கு அறிமுகமாகி, நூறாண்டுகளுக்கு மேல் எவர் கண்ணிலும் படாமல் இருந்து, மீண்டும் கண்டறியப்பட்ட இனம். களக்காடு முண்டந்துறைக் காடுகளில் இது மூங்கில் கணுவிடைக்குள் முட்டையிடுவதை 2015இல் வெளியான ஆய்வு விவரித்தது. மூங்கிலில் ஏற்கெனவே உள்ள சிறு பிளவின் வழியே, உடலை நெருக்கிக்கொண்டு தவளை உள்ளே நுழைகிறது. உட்சுவரில் ஒட்டியிருப்பவை ஒருசில முட்டைகளே. குளத்தில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு நீங்கும் தேரையோடு ஒப்பிட்டால் இது பெருஞ்சிக்கனம். ஆகவே ஒவ்வொரு முட்டைக்கும் காவல் வேண்டியிருக்கிறது. காவலிருப்பது ஆண். அதனை அகற்றிப் பார்த்த பிந்தைய ஆய்வில் முட்டைகள் பெரிதும் அழிந்தன. தின்றவை பெரும்பாலும் அதே இனத் தவளைகள். தந்தையின் பரிவு என்று இதனைப் போற்றுவோர், அப்பரிவுக்குக் காரணமான அண்டைவீட்டாரையும் நினைவிற்கொள்ளல் நன்று.

இந்த ஏற்பாட்டில் தவளை நீரைத் துறந்துவிடவில்லை. அதன் மெல்லிய தோல் இன்றும் ஈரத்தின் வழியாகவே உயிர்வளியைப் பெறுகிறது. நீரையும் அது வாயால் பருகாமல், வயிற்றடித் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. குளத்தை நம்பிய உயிர் மூங்கிலை நம்பும் உயிராயிற்று, அவ்வளவே. அந்த மூங்கிலைக் காகிதக் கூழுக்கும் கூடைக்கும் பாய்க்கும் மனிதர் வெட்டுகின்றனர். வெட்டுவோர் கூலித் தொழிலாளர். அவர்களைப் பழிப்பதில் பயனில்லை. எனினும் ஈனும் பருவத்தில் பிளவுள்ள தண்டு எது, இல்லாத தண்டு எது என்று பார்த்து வெட்டும் வழக்கம் ஏற்பட்டால், உள்ளே அமர்ந்திருக்கும் தந்தைக்கு இன்னும் சில வாரங்கள் கிடைக்கும்.