சட்டை உரித்த கடன்

புதுவீடு கட்டிக் குடிபுகும்போது குருவானவரை அழைத்து வீட்டை மந்திரிக்கச் செய்வது நம் கத்தோலிக்கக் குடும்பங்களின் நல்வழக்கம். அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துச் செபிக்கும்போது வீட்டாரின் முகங்களில் மலரும் மகிழ்ச்சியைக் காண்பது குருக்களாகிய எங்களுக்குக் கிடைக்கும் இனிய பேறுகளுள் ஒன்று. ஆயினும் பெரும்பாலான புதுவீடுகளின் பத்திரம் அவ்வீட்டில் இருப்பதில்லை. கடன் கொடுத்த வங்கியின் பெட்டகத்தில் இருக்கின்றது. இதில் குற்றம் காண்பதற்கில்லை. மாதச் சம்பளத்தில் வாழ்வோர் கடனின்றி வீடு கட்டுவது அரிது. நேர்மையாக வாங்கி நேர்மையாகத் திருப்பிக் கொடுக்கும் கடன் பாவமன்று. நான் எழுத எடுத்துக்கொண்டது வேறொன்று. ஒரு வங்கியிலிருந்து மற்றொரு வங்கிக்கு மாற்றிய வீட்டுக் கடனை, அந்தப் பத்திரத்தின் ஈரம் காயுமுன்னே மூன்றாவது இடத்திற்கு மாற்றும் வழக்கம் நம் குடும்பங்களில் பரவி வருகின்றது. அதைப் பற்றியே சில சொற்கள்.

ஜவ்வாது மலையில் பணிபுரியும் ஒரு பங்குக் குருவுக்கு வங்கிக் கணக்கில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். இம்மலையின் பள்ளிகளிலும் மருத்துவ நிலையங்களிலும் அலுவலகங்களிலும் பணிபுரிவோர் பலருக்கு வீடு கீழே போளூரிலோ ஆலங்காயத்திலோ திருப்பத்தூரிலோ இருக்கின்றது. திங்கட்கிழமை மலையேறி வெள்ளிக்கிழமை இறங்கும் இவர்களுடைய மனச்சுமைகளுள் முதலிடம் பெறுவது வீட்டுக் கடன்தான். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்ல வேண்டியதன்று என்றாலும், பங்கு இல்லத்துத் திண்ணையில் அமர்ந்து அவர்கள் மனம் திறந்து பேசுவது பெரும்பாலும் இதைப் பற்றியே.

அப்படி வந்த ஒரு தம்பதியரின் கணக்கை இங்கே தருகின்றேன். அவர்களை அடையாளம் காட்டாதிருக்கும்பொருட்டுத் தொகைகளைச் சற்று மாற்றி முழு எண்களாக்கியிருக்கின்றேன். கணக்கின் போக்கை மாற்றவில்லை. கணவர் ஆசிரியர், வயது 42. 2023-இல் 20 லட்சம் ரூபாய் கடன் பெற்றார். வட்டி 9 விழுக்காடு, காலம் 20 ஆண்டுகள், மாதத் தவணை 17,995 ரூபாய். ஈராண்டுகள் தவறாமல் கட்டினார். பிறகு வேறொரு வங்கி எட்டேகால் விழுக்காட்டில் கடனை ஏற்றுக்கொள்ள முன்வந்தது, மாற்றிக்கொண்டார். ஓராண்டு கழிந்தது. மூன்றாவது நிறுவனத்தின் முகவர் வீடு தேடி வந்தார். ஏழே முக்கால் விழுக்காடு வட்டி; அதோடு தங்கையின் திருமணத்திற்கென்று 3 லட்சம் ரூபாய் கூடுதல் கடன்; எல்லாம் ஒரே தவணையில் அடங்கும் என்றார். கையொப்பமிடுமுன் என்னிடம் ஒரு சொல் கேட்டுப் போகலாம் என்று தம்பதியர் வந்திருந்தனர்.

“போன தடவை மாற்றினதிலேயே மாதம் ஆயிரத்து அறுநூறு ரூபாய் மிச்சமானது, சாமி. இந்தத் தடவையும் வட்டி குறைகிறதே” என்றார் அவர். மனைவி பேசவில்லை.

ஒரு தாளை எடுத்து மூவரும் கணக்கிட்டோம். முதல் ஈராண்டுகளில் அவர் கட்டிய மொத்தத் தொகை 4 லட்சத்து 31 ஆயிரம் ரூபாய்க்குச் சற்று அதிகம். ஆனால் அசல் குறைந்ததோ ஏறத்தாழ 78 ஆயிரம் மட்டுமே. மற்றதெல்லாம் வட்டி. இதில் வஞ்சகம் ஏதுமில்லை. நிலுவையிலுள்ள தொகைக்கு வட்டி போடுவதால், நீண்ட காலக் கடனின் தொடக்க ஆண்டுகளில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கும் சிறுபகுதி அசலுக்கும் போகும்; ஆண்டுகள் செல்லச் செல்ல இது தலைகீழாகும். கரடுமுரடான ஏற்றமெல்லாம் தொடக்கத்தில்தான். பாதி மலை ஏறியவன் மறுபடி அடிவாரத்திற்கு இறங்கி வேறு பாதையில் ஏறத் தொடங்கினால், பாதை நல்லதாயினும் ஏற்றம் மீண்டும் முதலிலிருந்தே.

அவருக்கு நேர்ந்ததும் அதுவே. முதல் வங்கியில் 18 ஆண்டுகளே மீதியிருந்தன. புதிய வங்கியில் நிலுவைத் தொகைக்கு மீண்டும் 20 ஆண்டுக் காலம் எழுதினார்கள். ஆகவே தவணை 16,373 ரூபாயாகக் குறைந்தது. மாதம் 1,622 ரூபாய் மிச்சம். ஆனால் இறுதிவரை கட்ட வேண்டிய மொத்தமோ, பழைய வங்கியிலேயே இருந்திருந்தால் கட்டியிருக்க வேண்டியதைவிட ஏறத்தாழ 43 ஆயிரம் ரூபாய் கூடிவிட்டது. வட்டி குறைந்தது, தவணை குறைந்தது, கடன் வளர்ந்தது! அதே எட்டேகால் விழுக்காட்டில் 18 ஆண்டுகளுக்கே எழுதியிருந்தால் தவணை 17,105 ரூபாய். மொத்தத்தில் ஒரு லட்சத்து 90 ஆயிரத்துக்கு மேல் மிச்சமாகியிருக்கும். பழைய தவணையையே குறைக்காமல் கட்டியிருந்தால் ஏறத்தாழ 22 மாதங்கள் முன்னதாகவே கடன் தீர்ந்திருக்கும். மாற்றியது தவறன்று, காலத்தை நீட்டியதுதான் இழப்பு.

இப்போது இரண்டாம் மாற்றத்திற்கு வருவோம். ஓராண்டில் 1 லட்சத்து 96 ஆயிரம் கட்டியும் அசல் 39 ஆயிரம் அளவே குறைந்திருந்தது. நிலுவை 18 லட்சத்து 82 ஆயிரம். அதோடு திருமணத்திற்கு 3 லட்சம். ஆக 21 லட்சத்து 82 ஆயிரம். ஏழே முக்கால் விழுக்காட்டில் மீண்டும் 20 ஆண்டுகள் என்றால் தவணை 17,914 ரூபாய். மூன்று ஆண்டுகளாக 6 லட்சத்து 28 ஆயிரம் ரூபாய் கட்டிய குடும்பம், தொடங்கிய இடத்துத் தவணையிலேயே, தொடங்கிய கடனைவிடப் பெரிய கடனோடு நிற்கும். திருமணத்திற்கென வாங்கும் 3 லட்சத்திற்கு மட்டும் 20 ஆண்டுகளில் 5 லட்சத்து 91 ஆயிரம் திருப்பிக் கட்ட வேண்டும். ஒரு நாள் விருந்துக்கு 240 மாதத் தவணை.

அதுவரை மௌனமாக இருந்த அந்த அம்மாள் அப்போதுதான் வாய்திறந்தார். “அப்படியானால் சாமி, இந்த வீடு எப்போது எங்கள் கைக்கு வரும்?”

கணவர் விரல்விட்டு எண்ணினார். அவருக்கு 62 வயதாகும்போது. ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெறும் வயது 60. சம்பளம் நின்ற பின்னும் ஈராண்டுகள் தவணை கட்ட வேண்டும் என்பதை அவர் அன்றுதான் உணர்ந்தார்.

எங்கள் மலையில் சாமைக் காட்டின் வரப்புகளில் பாம்புச் சட்டைகள் கிடக்கக் காணலாம். சட்டையை உரித்துப் போட்டதால் பாம்பு போய்விட்டது என்று எந்த மலைவாழ் மகனும் நம்புவதில்லை; அது பளபளப்பாக அருகிலேயே எங்கோ இருக்கின்றது என்பதை அவன் அறிவான். வங்கி மாறிய கடனும் அத்தகையதே. மலையக்குடிகளின் வாழ்விலும் இது புதிதன்று. புளி விற்றுத் தீர்க்கலாம் என்று வியாபாரியிடம் முன்பணம் வாங்குவோர், அது தீருமுன் அடுத்த பருவத்திற்கும் முன்பணம் வாங்கி முந்தியதைக் கழித்துக்கொள்வர். காய்க்கும் மரம் கண்முன் நிற்கும். அதன் பலன் மட்டும் அவர்களுடையதன்று. ஓலைக் குடிசையானாலும் மாடிவீடானாலும் இந்தக் கணக்கு ஒன்றே.

கடனாளியின் வீட்டைப் பற்றித் திருநூல் மிகுந்த கவலை காட்டுவதைக் கவனித்திருக்கிறீர்களா? அடகுப் பொருளை எடுக்கக் கடன் கொடுத்தவன் வீட்டினுள் நுழையலாகாது, வெளியே நிற்க வேண்டும் என்று இணைச்சட்ட நூலின் 24-ஆம் அதிகாரம் கட்டளையிடுகின்றது. வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்துத் தானியம் வாங்கிய ஏழைகளின் முறையீட்டை நெகேமியா நூலின் 5-ஆம் அதிகாரத்தில் காண்கின்றோம். திருச்சபையும் வாளா இருந்ததில்லை. கந்துவட்டியிலிருந்து எளியோரைக் காக்க பிரான்சிஸ்கன் துறவிகளின் தூண்டுதலால் 1462-இல் இத்தாலியின் பெரூஜியா நகரில் குறைந்த செலவில் அடகுக் கடன் தரும் நிலையம் எழுந்தது. அத்தகைய நிலையங்கள் நடைமுறைச் செலவுக்கென ஒரு சிறு தொகை பெறுவது முறையே என்று 1515-இல் ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம் ஏற்றுக்கொண்டது. நம் மாநிலத்தில் 1904-இல் திரூரில் தொடங்கிய கூட்டுறவுக் கடன் சங்கமும் இதே இரக்கத்தின் வேறொரு வடிவம். 2025 யூபிலி ஆண்டில் ஏழை நாடுகளின் கடன்களை மன்னிக்குமாறு திருத்தந்தை பிரான்சிஸ் வேண்டினார். கடன் கொடுப்போர்க்கு இரக்கம் கடமை எனில், கடன் வாங்குவோர்க்கு விழிப்பு கடமை. கோபுரம் கட்ட விரும்புவோன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் அறிவுறுத்துவதில் ‘உட்கார்ந்து’ என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்தமானது. வாசலில் நிற்கும் முகவரின் பேனாவை வாங்கி நின்றபடியே கையொப்பமிடுவோர்க்கு அது நல்ல மருந்து.

அப்படியானால் கடனை இரண்டாம் முறை மாற்றவே கூடாதா? கூடும், உட்கார்ந்து கணக்கிட்ட பிறகு. முதலாவது, இப்போதுள்ள வங்கியையே கேளுங்கள். வங்கிகள் 2019 அக்டோபர் 1 முதல் வழங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ விகிதம் போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டவை. 2022 மே மாதத்தில் ஏறத் தொடங்கிய ரெப்போ 2023 பிப்ரவரியில் 6.50 விழுக்காட்டைத் தொட்டது. 2025-இல் படிப்படியாகக் குறைந்து டிசம்பரில் 5.25 ஆயிற்று. அந்தக் குறைவு உங்கள் கணக்கில் சேர்ந்ததா, சேர்ந்திருந்தால் தவணை குறைந்ததா, காலம் குறைந்ததா என்று எழுத்து மூலம் கேளுங்கள். சிறு கட்டணத்தில் வட்டியைக் குறைக்க வங்கியே இசையலாம்.

இரண்டாவது, மாற்றும் செலவை முழுமையாகக் கூட்டுங்கள். தனிமனிதரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கி அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் புதிய இடத்தின் பரிசீலனைக் கட்டணம், வழக்கறிஞர் கருத்து, வீட்டு மதிப்பீடு, வில்லங்கச் சான்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய அடமானத்தை நீக்கிப் புதியதைப் பதியும் செலவு, கடனோடு சேர்த்துவிடும் காப்பீடு ஆகியவை உண்டு. இவை 30 ஆயிரம் என்று கொள்வோம். காலத்தை நீட்டாமல் மாதம் 890 ரூபாய் மிச்சமானால், செலவு திரும்பவே 34 மாதங்கள் ஆகும். அதற்குள் மறுபடி மாற்றுகிறவர் முந்தைய செலவையே மீட்காதவர்.

மூன்றாவது, மீதிக் காலத்திற்கு ஒரு மாதமும் கூட்டாதீர்கள். நான்காவது, வீட்டின் மேல் வாங்கும் கூடுதல் கடனை விருந்துக்கும் நகைக்கும் செலவிடாதீர்கள். பசித்தாலும் விதைச் சாமையைத் தொடாத மக்களிடையே வாழ்கின்றேன். வீடு குடும்பத்தின் விதைச் சாமை. ஐந்தாவது, கணவனும் மனைவியும் சேர்ந்து படித்துப் பார்க்காத எந்தத் தாளிலும் ஒருவர் மட்டும் ஒப்பமிடலாகாது.

அந்தத் தம்பதியர் அன்று எதையும் முடிவு செய்யாமலே எழுந்தனர். மாப்பிள்ளை வீட்டாரிடம் கொடுத்த வாக்கு அவரை வாட்டியது. “சாமைச் சோறு போட்டாவது கல்யாணத்தை நடத்துவோம், வீட்டை மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டாம்” என்று மனைவி சொன்னபோது அவர் தலைகுனிந்திருந்தார். பின்னர் இப்போதுள்ள வங்கிக்கே விண்ணப்பம் எழுதினர். வட்டி கால் விழுக்காடு குறைந்தது. எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான். தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுத்தனர். திருமணம் ஆலயத்தில் திருப்பலியோடும் பள்ளி மண்டபத்தில் எளிய விருந்தோடும் நடந்தது. உறவினருள் சிலர் முகம் சுளித்தனர் என்று கேள்விப்பட்டேன். அந்த முகச்சுளிப்பு ஒரு வாரத்தில் மறைந்திருக்கும். 20 ஆண்டுத் தவணை அவ்வளவு எளிதில் மறைந்திராது.

இம்மாத இறுதியில் குடும்பச் செபம் முடிந்ததும், அன்புக்குரியவர்களே, உங்கள் கடன் கணக்குத் தாளை எடுத்து இருவரும் ஒன்றாக அமர்ந்து பாருங்கள். வட்டி எவ்வளவு என்பதைப் பார்க்குமுன், இன்னும் எத்தனை மாதங்கள் என்பதைப் பாருங்கள். அந்த எண் மாதந்தோறும் ஒன்று குறைந்தால் நீங்கள் நல்ல பாதையில் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். நாசரேத்துத் திருக்குடும்பம் உங்களுக்குத் துணை நிற்பதாக.