அரண்மனை வாசலில் ஒரு திங்கட்கிழமை



பூர்வீக வீட்டுப் பாகப்பிரிவினைக்காகப் போன வாரம் குரோம்பேட்டையிலிருந்து புதுக்கோட்டைக்குப் போயிருந்தேன். தம்பிகளோடு பேச்சு முற்றியது. பாதியில் எழுந்து கலெக்டர் ஆபீஸ் பக்கம் நடந்தேன்.

உங்களில் பலருக்கு அது வெறும் ஆபீஸ். கடைசி மன்னர் ராஜகோபாலத் தொண்டைமானின் அரண்மனை அது.

அவருக்கு முன் ஆண்ட மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியப் பெண் மோலி ஃபிங்கை மணந்தார். அவர்கள் மகன் சிட்னியை வாரிசாக ஏற்க ஆங்கில அரசு சம்மதிக்கவில்லை. 1928இல் மன்னர் பிரான்சில் இறந்ததும், குடும்பத்திலேயே வேறொரு பையனை அரியணையில் உட்காரவைத்தார்கள். ஆறு வயது! நான் பார்த்த ஆறு வயதுப் பிள்ளைகள் பென்சில் தொலைந்தால் அழுவார்கள்.

1948 மார்ச் 3இல் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. அப்போது அவருக்கு 25 வயது. கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது கலெக்டர் அலுவலகத்துக்கு அரண்மனையைக் கொடுத்தார். 1997இல் காலமானார்.

நான் போனது திங்கட்கிழமை, மனு நாள். அரசர் நடந்த இடத்தில் ஒரு பாட்டி பென்ஷன் மனுவை மடியில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பி, கிணற்றடிப் பக்கம் சின்னவனுக்கே இருக்கட்டும் என்றேன். "ஏன் விட்டுக்கொடுத்தீங்க?" என்று போனில் கேட்ட அத்தைக்கு இதுதான் பதில். அந்த மாமரத்தை நினைத்தால் மட்டும் மனசு இன்னும் அடித்துக்கொள்கிறது, அத்தை.