எங்கள் மாவட்டத்தின் மறுகோடி

பிள்ளைகளே, வத்திராயிருப்பில் பிறந்தவனுக்குக் கடலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மேற்கே சதுரகிரி, கீழே வயலும் தென்னந்தோப்பும் என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் 1985-இல் மாவட்டம் பிரியும் வரை நாமும் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள்தாம். 1910-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளை எடுத்து அந்த மாவட்டத்தை அமைத்தபோது ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரமும் அதில் சேர்ந்தது. மேற்குக் கோடியில் நம் மலை, கிழக்குக் கோடியில் தனுஷ்கோடி. பள்ளிக்கூடத்துச் சுவர்ப்படத்தில் வாத்தியார் நம் ஊரில் பிரம்பை வைத்துக் கிழக்கே இழுத்துக்கொண்டே போவார். நிலம் ஊசிமுனையாக மெலிந்து கடலுக்குள் முடியும் இடத்தில்தான் பிரம்பு நிற்கும். அந்த ஊரைத் தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கு அங்கே பிறந்தது.

இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு வால்தான் தனுஷ்கோடி. வெறும் மணல்திட்டு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அங்குள்ள மீனவர்கள் வடக்குக் கடலைப் பெண்கடல் என்றும் தெற்குக் கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்கு அடங்கிக் கிடக்கும். வாடைக்காற்று தொடங்கினால் நிலைமை தலைகீழாகும். அதற்கேற்ப வலையையும் வள்ளத்தையும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மாற்றிக்கொள்வார்கள். காற்றோடு சண்டை போட்டு யாரும் மீன் பிடித்ததில்லை. எந்தப் பருவத்தில் எந்தக் கரை என்று அறிந்து காத்திருப்பதும் உழைப்பில் பாதி என்பதை அவர்கள் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை.

இந்த மணலில் துறைமுகம் எழுந்ததற்கு ஒரே காரணம், இலங்கையின் தலைமன்னார் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் அளவில் இருப்பதுதான். 1914-இல் தீவை நிலப்பரப்போடு இணைக்கும் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. அதே ஆண்டு தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. அதுவரை தூத்துக்குடி வழியாகப் போனவர்கள், சென்னையில் ஒரே சீட்டு எடுத்து, ரயிலில் தனுஷ்கோடி, கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு என்று போனார்கள். அந்த ரயிலுக்கு வழங்கிய போட் மெயில் என்ற பெயர் அந்தக் காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கியது. ரயில் நிலையம், சுங்கச் சாவடி, தபால் ஆபீஸ், பள்ளி, தேவாலயம், கடைத்தெரு என்று மணல்மேல் ஒரு ஊரே நின்றது. வியாபாரிகளும் யாத்திரிகர்களும் அங்கே நெருக்கியடித்தார்கள். மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனைக்கு உடம்பைக் காட்டிவிட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறிய ஏழைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் நம் மாவட்டத்துக் கரிசல் ஊர்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் அந்த வழியே போயின.

இந்தப் பரபரப்பெல்லாம் ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. 1964 டிசம்பரில் அந்தமான் அருகே உருவான புயல் இலங்கையைக் கடந்து, 22-ஆம் தேதி நள்ளிரவில் தனுஷ்கோடியின்மேல் இறங்கியது. 20 அடிக்கும் மேலே எழுந்த அலை ஊருக்குள் புகுந்தது. அதே இரவு பாம்பனிலிருந்து புறப்பட்ட 653-ஆம் எண் பயணி ரயில், சிக்னல் விழாமல் ஊருக்கு வெளியே இருட்டில் நின்று, பிறகு மெல்ல நகர்ந்தபோது அலை அதை அப்படியே சுருட்டிக்கொண்டது. கணக்கில் வந்த பயணிகளும் ஊழியர்களுமாக 115 பேர். கணக்கில் வராதவர்கள் எத்தனை பேரோ! புயல் கொண்டுபோன உயிர்கள் மொத்தம் 1,800 வரை இருக்கும் என்றார்கள். நான் அப்போது சிறுவன். பெரியவர்கள் செய்தித்தாளை உரக்கப் படிக்க, சுற்றி நின்றவர்கள் பேச்சற்று நின்றது நினைவிருக்கிறது. கடலையே பார்த்திராத பெண்கள் அன்று அழுதார்கள்.

இதை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அந்த இடத்தைத் தேர்ந்தவர்கள் கப்பலுக்கு எது அருகில் என்று பார்த்தார்கள். மனிதர் குடியிருக்க எது உகந்தது என்பதை அதே அளவுக்குப் பார்க்கவில்லை. கூட்டம் சேர்ந்துவிட்டால் இடம் உறுதியாகிவிட்டது என்று நினைக்கிறோம். படிப்பிலும் தொழிலிலும்கூட ஊரே போகும் வழி பத்திரமான வழி என்று நம்புகிறோம். காலை ஊன்றுமுன் மண்ணைப் பாருங்கள். இன்று புயல் வருவதைச் சில நாட்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். வெளியேறச் சொன்னால் அலட்சியமாக இராமல் வெளியேறுங்கள்.

அந்தப் புயல் பாம்பன் பாலத்தின் பெரும்பகுதியையும் பிய்த்தெறிந்தது. பழுதுபார்க்க மாதக்கணக்காகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். பொறுப்பேற்ற இ. ஸ்ரீதரனுக்கு வயது 32. கடலில் விழுந்து கிடந்த இரும்பு கர்டர்களைத் தேடி வெளியே எடுத்து, அவற்றையே மறுபடி ஏற்றினார்கள். 46 நாளில் பாலம் நின்றது. பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவர் அவர்தான். பொறுமை என்றால் கையைக் கட்டிக்கொண்டு தாங்குவது என்று சிலர் எண்ணுகிறார்கள். விழுந்ததிலிருந்தே பொறுக்கி எடுத்து வேலையைத் தொடங்குவதும் பொறுமைதான், அதிலும் உயர்ந்த பொறுமை. அந்தப் பாலத்தில் 2022 வரை ரயில் ஓடியது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப்பாலம் திறந்திருக்கிறார்கள்.

ஆனால் தனுஷ்கோடிக்கு ரயில் திரும்பவில்லை. குடியிருக்கத் தகாத ஊர் என்று அரசு அறிவித்தது. கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய தேவாலயமும் நிலையமும் மொட்டைச் சுவர்களாயின. திரும்பி வந்தவர்கள் மீனவர்கள். ஓலைக் குடிசை போட்டார்கள், கரைவலை இழுத்தார்கள். மின்சாரம் இல்லாமல் பல பத்தாண்டுகள் அந்த மணலில் பிள்ளை பெற்று வளர்த்தார்கள்.

சாலை இல்லாத காலத்தில், வேனில் மணலைக் கடந்து நான் அங்கே போனபோது, வயதான ஓர் அம்மாள் மணலில் ஆழமில்லாத குழி தோண்டித் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். இருபுறமும் உப்புக் கடல். குடித்துப் பார்த்தேன், நல்ல தண்ணீர். மணலில் இறங்கிய மழைநீர் உப்புநீரைவிடக் கனம் குறைந்தது, அதனால் அதன்மேல் தங்கி நிற்கிறது. பதமாக மொண்டால் நாள் முழுக்க ஊறும். ஆழத் தோண்டினாலோ அவசரப்பட்டு இறைத்தாலோ கீழிருக்கும் உப்பு மேலேறிவிடும். அந்த அம்மாளுக்கு இந்த விளக்கமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு தோண்டலாம், எப்போது நிறுத்தலாம் என்று கைக்குத் தெரிந்திருந்தது. “வேற ஊருக்குப் போயிரலாமேம்மா?” என்று கேட்டேன். “பொழப்பு இங்கதான இருக்கு. தண்ணியும் இருக்கு. போயி என்ன செய்ய?” என்றார்.

அன்றிலிருந்து நம் ஊர்க் கிணறுகளை வேறு கண்ணால் பார்க்கிறேன். பிளவக்கல்லில் அணைகள் இருக்கின்றன, மலை மழையைத் தருகிறது. அப்படியிருந்தும் ஆழ்துளை போட்டுப் போட்டு இன்னும் கீழே, இன்னும் கீழே என்று போகிறோம். எதுவுமில்லாத மணலில் வாழ்ந்தவர்கள் அளவறிந்து எடுத்தார்கள். எல்லாம் இருந்த நாம் அளவை மறந்தோம். வறுமை அவர்களைச் சிறியவர்களாக்கவில்லை என்பதை நீங்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

2017-இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டருக்குச் சாலை போட்டுவிட்டார்கள். இப்போது கூட்டம் அலைமோதுகிறது. 2025-இல் நம் பக்கத்துக் கூமாப்பட்டியும் கைப்பேசியில் பரவி, எங்கெங்கிருந்தோ வண்டிகள் வந்ததைப் பார்த்தீர்கள். ஊரைப் பார்க்க வருவது நல்லதே. ஆனால் இடிந்த சுவரின் முன் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு, அங்கே நூற்றுக்கணக்கான பேர் ஒரே இரவில் செத்தார்கள் என்பது தெரியாமலிருப்பது எனக்கு வேதனை தருகிறது. தனுஷ்கோடியில் பூநாரைகளுக்காக 2025-இல் ஒரு சரணாலயமும் அறிவித்திருக்கிறார்கள். பறவையும் மீனவரும் நிம்மதியாக இருக்கும்படி போய்வாருங்கள்.

இன்னொன்று. நம் மலையில் பெய்யும் மழை அர்ஜுனா நதியாகி, வைப்பாற்றில் சேர்ந்து, நிறைந்த ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவுக்கே போகிறது. மலையடிவாரத்துத் தாணிப்பாறையில் நீங்கள் வீசும் பிளாஸ்டிக் பையும் அதே வழியில் போகும். மாவட்டத்தைப் பிரித்தவர்களால் தண்ணீரைப் பிரிக்க முடியவில்லை.

தனுஷ்கோடிக்குப் போனால் அங்கே கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து, ஊர் எப்படி இருந்தது என்று கேளுங்கள். அந்த இரவைக் கண்டவர்கள் அருகிப் போகிறார்கள். ஊர் திரும்பியதும் ஒரு நோட்டு வாங்கி, நம் கண்மாய்களின் பெயர், எந்தக் கண்மாய் மறுகால் போனால் எதற்குத் தண்ணீர் சேரும், எந்த ஆண்டு வெள்ளம், எந்த ஆண்டு வறட்சி என்று தாத்தா பாட்டிகளைக் கேட்டு எழுதி வையுங்கள். இந்த விடுமுறையிலேயே தொடங்குங்கள்.