செஞ்சிக் கோட்டையின் குதிரை லாயம்

திண்டிவனத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினால், பாறைகளைக் கொட்டிக் குவித்தது போன்ற குன்றுகள் கொஞ்ச நேரத்தில் தெரிய ஆரம்பிக்கும். அதுதான் செஞ்சி. விழுப்புரத்திலிருந்தும் பஸ் உண்டு. மராத்தியரோடு தொடர்புடைய 12 கோட்டைகளை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றுதான்.

வருகிறவர்கள் ராஜகிரியை அண்ணாந்து பார்க்கிறார்கள். கல்யாண மகால் முன்னால் செல்ஃபி எடுக்கிறார்கள். அடிவாரத்தில் வரிசையாக வளைவுகள் வைத்துக் கட்டிய குதிரை லாயத்தை மட்டும் பலரும் போகிறபோக்கில் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால், செஞ்சி என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவதே ஒரு குதிரைதான்!

ராஜா தேசிங்கின் குதிரை அது. டெல்லி பாதுஷாவிடம் யாருக்கும் அடங்காத குதிரை ஒன்று இருந்தது, அதை அடக்கி ஏறியவன் தேசிங்கு என்கிறது நாட்டுப்புறக் கதைப்பாடல். 1714 அக்டோபர் 3-ம் தேதி ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி அவன் உயிர்விட்டபோது வயது 22தான். நண்பன் மகபத்கானுக்கும் குதிரைக்கும் சமாதி என்று செஞ்சிக்குப் பக்கத்தில் நீலாம்பூண்டியில் காட்டுகிறார்கள்.

அடங்காத குதிரை என்றால் என்ன செய்வார்கள்? கட்டிப்போடுவார்கள். நம் நாட்டுப் படைகளில் ஆண் குதிரைகளைக் காயடிக்காமலே ஓட்டுவது சகஜம். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் உதைத்துக்கொள்ளும், கடித்துக்கொள்ளும். அதனால் தலைக்கயிறு முன்னால், பின்னங்கால்களுக்கு ஒரு கயிறு பின்னால் என இரண்டு பக்கமும் கட்டினார்கள். போர்க்களத்தில் பாய்ந்த குதிரை, மற்ற நேரமெல்லாம் அந்தக் கயிறுகளுக்கு நடுவில்தான் நின்றது.

ஆனால், குதிரை தனியாக வாழப் பிறந்த பிராணி இல்லை. கட்டில்லாமல் திரியும் குதிரைக் கூட்டத்தில் வளரும் ஆண் குட்டிகள் சில வருடங்களில் தாயை விட்டுப் பிரிந்து, தங்களுக்குள் ஒரு 'பிரம்மச்சாரி' கூட்டம் சேர்த்துக்கொள்ளும். ஒன்றாக மேயும், விளையாட்டாக மல்லுக்கு நிற்கும், ஒன்றின் பிடரியை இன்னொன்று பல்லால் சொறிந்துவிடும். பெரிய சண்டை எல்லாம் பெரும்பாலும் பெண் குதிரைக்காகத்தான்.

இதைச் சுவிட்சர்லாந்து அரசின் குதிரைப் பண்ணையில் சோதித்தே பார்த்தார்கள். 2009-ல் 5 பொலிகுதிரைகளையும், 2010-ல் 8 பொலிகுதிரைகளையும் பெரிய மேய்ச்சல் நிலத்தில் ஒன்றாக அவிழ்த்துவிட்டார்கள். ஆரம்பத்தில் மோதல் இருந்தது. மூன்று, நான்கு நாட்களில் அது மளமளவென்று குறைந்துவிட்டது. யார் பெரியவன், யார் விலகிப் போக வேண்டும் என்பதை அவையே பேசித் தீர்த்துக்கொண்டன!

அதற்காக எந்தக் குதிரையையும் சட்டென்று சேர்த்துவிடக் கூடாது. ஓடி ஒதுங்க நிறைய இடம் வேண்டும். கண்ணில் படுகிற தூரத்தில் பெண் குதிரை இருக்கக் கூடாது. தீனியைப் பல இடங்களில் வைக்க வேண்டும். உதை பட்டால் காயமாகாமல் இருக்க, பின்னங்கால் லாடத்தைக் கழற்றிவிடுவது நல்லது. புதிதாக ஒன்றைச் சேர்த்தால், சில நாட்கள் பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும்.

இன்றைக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் சவாரிக்கும் வளர்க்கும் ஆண் குதிரைகள் பல, குட்டைக் கயிற்றில் தனியாகத்தான் நிற்கின்றன. முரட்டுக் குதிரை என்று பெயர் வாங்கும் சிலவற்றுக்குத் துணையில்லாததே பாதிக் காரணமாக இருக்கலாம்.

அடுத்த முறை செஞ்சிக்குப் போனால், ராஜகிரி ஏறும் முன் அந்த லாயத்தில் குழந்தைகளோடு ஐந்து நிமிடம் நில்லுங்கள். திரும்பும் வழியில் ஏதாவது ஒரு கிராமத்து எல்லையில் அய்யனார் கோயில் தென்பட்டால், அங்கேயும் இறங்கிப் பாருங்கள். மண் குதிரைகள் அங்கே தோளோடு தோள் சேர்ந்து நின்றுகொண்டிருக்கும். ஒன்றின் காலிலும் கயிறு இருக்காது.